சிமுலேட்டரில் பழகினால் கை வருமா? ஆத்தங்குடித் தம்பிக்கு ஒரு பதில்

ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை நடத்தும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய தங்கை இந்த வருடம் எம்.எஸ். பொது அறுவை சிகிச்சையில் சேர்ந்திருக்கிறார். கல்லூரியில் தொடுவுணர்வு தரும் சிமுலேட்டர் ஒன்று, அதாவது அறுவையைப் பொய்யாகச் செய்து பழகும் கணினி இயந்திரம், வாங்கி வைத்திருக்கிறார்களாம். அதில் பழகி, அது போடும் மதிப்பெண் 80-ஐத் தாண்டினால்தான் ஆபரேஷன் தியேட்டரில் லேப்ராஸ்கோப்பிக் கருவியை, அதாவது சிறு துளை வழியே அறுவை செய்யும் கருவியை, தொட விடுவார்களாம். தங்கைக்கு இரண்டு தடவையும் 60-க்குள்ளேதான் வந்திருக்கிறது. அழுதுகொண்டே அண்ணனுக்குப் போன் செய்திருக்கிறார். "சிமெண்டிலும் மணலிலும் கை வைத்துப் பழகின குடும்பம் ஐயா எங்களுடையது. திரையைப் பார்த்து விளையாடினால் கை வருமா? அது போடும் மார்க்கை வைத்து ஒரு பிள்ளைக்குக் கை இல்லை என்று சொல்லிவிடலாமா?" என்பது அவர் கேள்வி.

தம்பி, முதல் கேள்விக்கு என் பதில்: வரும், ஆனால் எல்லா வேலைக்கும் வராது, பக்கத்தில் ஆள் இல்லாமலும் வராது. இரண்டாவது கேள்விக்கு: மொத்த மார்க்கை வைத்துச் சொல்லக் கூடாது. அந்த மார்க்குக்குள்ளே இருக்கும் ஒரு வரியை வைத்து மட்டும் கொஞ்சம் சொல்லலாம். அது எந்த வரி என்பதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். முப்பது வருடத்துக்கு மேல் கத்தி பிடித்திருக்கிறேன். அதில் பாதிக் காலம் தென் மாவட்டத்தில் ஒரு மருத்துவக் கல்லூரியில் பி.ஜி. என்ற முதுநிலைப் படிப்புப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தேன். இப்போது காரைக்குடியில் இருக்கிறேன்.

எனக்குக் கை எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பி.ஜி.யாக இருந்தபோது பித்தப்பை ஆபரேஷன் என்றால் வயிற்றைத் திறந்துதான். ஒரு நாள் எங்கள் தலைமை மருத்துவர், நாங்கள் சீஃப் என்போம், என்னிடம் பித்தப்பையைக் கல்லீரலிலிருந்து பிரிக்கச் சொன்னார். எனக்கு அவசரம். இழுத்தேன். கல்லீரல் படுகை கிழிந்து ரத்தம் பொங்கியது. அவர் சத்தம் போடவில்லை. துணியை வைத்து அழுத்தி, ரத்தம் அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு தன் கையை என் கைமேல் வைத்து, என் விரல்களோடு சேர்த்துப் பித்தப்பையை இழுத்துக் காட்டினார். "இவ்வளவுதான். இதுக்கு மேல போகாதே." அந்த அம்மா நலமாக வீடு போனார், நாலு நாள் தாமதமாக. அந்த நாலு நாளும் காலை மாலை அவர் படுக்கைக்குப் போய் வயிற்றுக் குழாயில் எவ்வளவு ரத்தம் வடிந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டு நின்றேன். 'இவ்வளவுதான்' என்ற அந்த அளவை எந்தப் பாடப்புத்தகத்திலும் எழுத முடியாது. அது ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போன அளவு. ஆனால் அதற்கு விலை கொடுத்தது நானும் இல்லை, சீஃபும் இல்லை.

அந்தக் கைமாற்றலைத்தான் லேப்ராஸ்கோப்பி நிறுத்தியது. ஜெர்மனியில் எரிக் மூஹே 1985-லும், பிரான்சில் பிலிப் மூரே 1987-லும் சிறு துளைகள் வழியே பித்தப்பையை எடுத்துக் காட்டினார்கள். இந்தியாவில் மும்பையில் டாக்டர் தெஹெம்டன் உத்வாடியா 1990-ல் செய்தார். அடுத்த சில வருடங்களில் உலகம் முழுக்க எல்லோரும் அதற்கு மாறினார்கள். மாறிய வேகத்தில், பித்தக்குழாயை வெட்டிவிடும் விபத்துகள் திறந்த அறுவையில் இருந்ததைவிட அதிகமாயின. காரணம் புரிவது கஷ்டமில்லை. கருவி முப்பது சென்டிமீட்டருக்கு மேல் நீளமான ஒரு கம்பி. அது வயிற்றுச் சுவரில் ட்ரோக்கார் என்ற குழாய்க்குள் நுழைந்து போகிறது. கிணற்றுத் துலாவைப் போல, வெளியே கை வலப்பக்கம் போனால் உள்ளே முனை இடப்பக்கம் போகும். கம்பி அந்தக் குழாயின் ரப்பர் வளையத்தில் உரசுவதால், திசு எதிர்க்கிறதா வளையம் எதிர்க்கிறதா என்று விரலுக்குக் குழப்பம். பார்ப்பதோ தட்டையான படம். சீஃப் பக்கத்தில் நின்றாலும் அவர் கை என் கைமேல் வந்து பயனில்லை. உள்ளே நடப்பதன் சுவடு மட்டுமே வெளியே இருக்கும் கைக்கு வந்து சேர்கிறது.

அப்படியானால் முதல் தவறுகளை மனிதர்மேல் செய்யாமல் எங்கே செய்வது? இது புதுக் கேள்வி இல்லை. சுஸ்ருத சம்ஹிதையில் மாணவன் கை பழகுவதற்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. வெட்டுவதைப் பூசணி, சுரை, வெள்ளரியில் பழகு. ரத்தநாளத்தைத் திறப்பதைத் தாமரைத் தண்டில் பழகு. சலாகை என்ற மெல்லிய கம்பியை உள்ளே செலுத்துவதைப் பூச்சி அரித்த மரத்தில் பழகு. தைப்பதைக் கனத்த துணியிலும் மெல்லிய தோலிலும் பழகு. இதில் கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு செயலுக்கும் அந்தச் செயலின் எதிர்ப்பைத் தரும் பொருள் எதுவோ அதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். தைக்கப் பூசணியைச் சொல்லவில்லை. வெட்டத் துணியைச் சொல்லவில்லை. உங்கள் தங்கையின் கல்லூரியில் பல லட்சம் கொடுத்து வாங்கிய இயந்திரத்தையும் இதே உரைகல்லில்தான் நான் உரைத்துப் பார்ப்பேன்.

அது வேலை செய்யும் விதம் இது. தங்கை பிடிக்கும் கைப்பிடிக்குப் பின்னால் சின்ன மோட்டார்களும், முனை எங்கே இருக்கிறது என்று அளக்கும் உணரிகளும் இருக்கின்றன. கணினிக்குள் ஒரு பொய்க் கல்லீரல் இருக்கிறது. முனை அந்தக் கல்லீரலுக்குள் இரண்டு மில்லிமீட்டர் அமுங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிஜக் கல்லீரல் எவ்வளவு திருப்பித் தள்ளும் என்று கணினி கணக்குப் போட்டு, மோட்டாரை அந்த அளவுக்கு எதிர்த்துத் தள்ளச் சொல்கிறது. கை அதை 'தொட்டேன்' என்று நம்புகிறது. இதற்கு வழி போட்ட கருவிகளில் ஒன்று அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் தாமஸ் மாஸியும் கென்னத் சாலிஸ்பரியும் உருவாக்கி 1994-ல் வெளியிட்ட ஃபாண்டம். அந்த மாஸி பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரானார்.

கண்ணை ஏமாற்றுவது சுலபம். நொடிக்கு முப்பது படம் காட்டினால் அசைவு தொடர்ச்சியாகத் தெரியும். கை அப்படி ஏமாறாது. விரல் தோலுக்கு அடியில் பசினியன் என்ற உணரிகள் இருக்கின்றன. நொடிக்கு 250 தடவை அளவில் அதிரும் அதிர்வைத்தான் அவை மிக நன்றாகக் கண்டுபிடிக்கும். அதனால் தள்ளுவதா விடுவதா என்ற கணக்கை இயந்திரம் நொடிக்கு சுமார் 1000 தடவை போட வேண்டியிருக்கிறது. கணக்கு தாமதித்தால் கெட்டியான எலும்பு வண்டு மாதிரி ரீங்காரமிடும். வேகத்தை எட்டிப் பிடித்தாலும் மோட்டாருக்கு ஒரு பலம்தான் உண்டு. அதைத் தாண்டி அழுத்தினால் எலும்பும் ரப்பராகத் தோன்றும். மெத்தென்ற உறுப்புகளில் சங்கடம் வேறு மாதிரி. ஈரல், குடல், கொழுப்பு எதுவும் நேர்கோட்டில் எதிர்ப்பதில்லை. மெதுவாக இழுத்தால் விட்டுக்கொடுக்கும், வெடுக்கென்று இழுத்தால் இறுகும், ஓர் எல்லையைத் தாண்டினால் கிழியும். வீங்கிச் சிவந்த பித்தப்பை ஒரு மாதிரி, பல வருடம் கல் கிடந்து சுருங்கிய பித்தப்பை வேறு மாதிரி. இத்தனையையும் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் கணக்கிடுவது இன்னும் பெரிய வேலைதான். அதனால் எல்லா இயந்திரமும் எங்கோ ஓரிடத்தில் சுருக்குவழி எடுத்திருக்கும்.

இன்னொன்றும் உண்டு. தொடுவுணர்வு என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது இரண்டு. மணிக்கட்டும் முழங்கையும் உணரும் தள்ளல், இழுப்பு, கனம் ஒன்று. விரல் நுனித் தோல் உணரும் வழவழப்பு, சூடு, ஈரம், நாடித் துடிப்பு இன்னொன்று. சிமுலேட்டர் தருவது பெரும்பாலும் முதலாவதைத்தான். உங்கள் பட்டறையில் கண்ணாடிமேல் அச்சை வைத்துச் சாயம் ஊற்றி, அச்சைத் தூக்கும்போது நிறம் கலங்காமல் இருக்கக் கை எவ்வளவு மென்மையாக எழ வேண்டும் என்பது முதல் வகை. மேலே போடும் மணலும் சிமெண்டும் சரியான பதத்தில் இருக்கிறதா என்று உள்ளங்கையில் பிடித்துப் பார்ப்பது இரண்டாவது வகை. உங்கள் ஆட்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்கிறார்கள். இயந்திரத்தில் இரண்டாவதற்கு இடமில்லை.

அப்படியானால் இது எதற்குத்தான் உதவும்? அளந்து சொல்கிறேன். விசைதான் வேலையைத் தீர்மானிக்கிற இடங்களில் நன்றாக உதவும். முதுகில் எபிடியூரல் ஊசி போடும் மயக்க மருத்துவரைக் கேட்டுப் பாருங்கள். ஊசி கெட்டியான ஒரு நாரைத் துளைத்துப் போகும்போது எதிர்ப்பு கூடிக்கொண்டே வரும். அதைத் தாண்டியதும் சட்டென்று விட்டுப்போகும். அந்த 'விட்டுப்போகும்' கணம்தான் எல்லாமே. இன்னும் ஒரு மயிரிழை போனால் தண்டுவடத்து உறையைத் துளைத்துவிடும். இது கண்ணால் பார்க்கிற விஷயமே இல்லை. இங்கே தொடுவுணர்வு இல்லாத சிமுலேட்டர் வெறும் படம். காதுக்குப் பின்னாலுள்ள எலும்பைக் குடைவதும் அப்படித்தான். அந்த எலும்புக்குள் முகநரம்பு ஓடுகிறது. காரைக்குடிப் பக்கம் பர்மாத் தேக்கில் பூவேலை செய்யும் ஆசாரி உளியின் அதிர்விலேயே அடுத்து வருவது கணுவா பிசிறா என்று அறிவார். குடைபவருக்கும் அந்த அறிவு வேண்டும். எலும்பு மெலிகிறது என்பதைக் கை கண்ணுக்கு முன்னால் சொல்ல வேண்டும்.

கண்புரையும் இந்தப் பட்டியலில் சேரும். நம் பக்கத்தில் கண் முகாம் பார்க்காத கிராமம் கிடையாது. மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குறைந்த செலவில் தையல் இல்லாமல் செய்யும் புரை அறுவையில் கண்ணின் வெள்ளைப் பகுதியில் ஒரு சிறு சுரங்கம் வெட்ட வேண்டும். ஆழம் கூடினால் உள்ளே இறங்கிவிடும், குறைந்தால் மேலே கிழிந்துவிடும். அந்த ஆழத்தைக் கத்தி கைக்குச் சொல்லும். ஹெல்ப்மீசீ என்ற அமைப்பு இந்த ஒரு அறுவைக்கென்றே விசையை உணர்த்தும் சிமுலேட்டரைச் செய்திருக்கிறது. அதைத் தொடங்கிய ஆல் யூல்ட்ஷி விமானிகளுக்குச் சிமுலேட்டர் பயிற்சி தரும் நிறுவனத்தை நடத்தியவர். விமானி தன் முதல் தவறைப் பயணிகளோடு செய்யக் கூடாது என்று நினைத்த ஒருவர், கண் மருத்துவருக்கும் அதையே நினைத்தார். இதே புரை அறுவைக்குக் கணினி இல்லாமல் செயற்கைக் கண்களை வைத்துப் பயிற்சி கொடுத்து, ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்த 50 பயிற்சி மருத்துவர்களைச் சோதித்த ஆய்வு ஒன்று 2021-ல் வெளிவந்தது. அதிலும் பயிற்சி பெற்றவர்கள் தெளிவாக மேலே வந்தார்கள். ஆகவே இயந்திரம் கட்டாயம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சரியான எதிர்ப்பு கட்டாயம். அது மோட்டாரிலிருந்து வந்தாலும் சரி, ரப்பரிலிருந்து வந்தாலும் சரி.

இப்போது உங்கள் தங்கையின் விஷயம். லேப்ராஸ்கோப்பியில் விசைச் சிமுலேட்டருக்குச் சாட்சி இவ்வளவு தெளிவாக இல்லை. சிமுலேட்டரில் பழகியது தியேட்டருக்கு வருகிறது என்று முதன்முதலில் உறுதியாகக் காட்டிய புகழ்பெற்ற ஆய்வு 2002-ல் யேல் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. 16 பயிற்சி மருத்துவர்களில் பாதிப் பேர் சிமுலேட்டரில் பழகினார்கள், பாதிப் பேர் வழக்கமான முறையில். பிறகு எல்லோரும் நிஜ நோயாளிக்குப் பித்தப்பையைக் கல்லீரலிலிருந்து பிரித்தார்கள். பழகியவர்கள் 29 சதவீதம் வேகமாக முடித்தார்கள். பழகாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ வேறு திசுவைச் சுட்டுவிடவோ ஐந்து மடங்கு அதிக வாய்ப்பு இருந்தது. ஆனால் அந்த ஆய்வில் பயன்பட்ட மிஸ்ட் விஆர் என்ற கருவியில் தொடுவுணர்வே கிடையாது! திரையும் கம்பியும் மட்டும்தான். துலா மாதிரித் திரும்பும் அசைவுக்குக் கையைப் பழக்குவதும், தட்டைப் படத்தில் ஆழத்தைப் படிப்பதும், இடது கையை வேலை செய்ய வைப்பதும் அதிலேயே வந்துவிட்டன. தொடுவுணர்வு உதவுவது அதற்கு அடுத்த கட்டத்தில்: எவ்வளவு இழுப்பது, முடிச்சை எவ்வளவு இறுக்குவது, கத்தரிக்கும் இடத்தை எவ்வளவு விறைப்பாகப் பிடித்துக் கொடுப்பது.

பொய்யான தொடுவுணர்வு, தொடுவுணர்வே இல்லாததைவிட மோசம் என்பது என் அனுபவம். ஒரு தடவை வெளியூரில் ஓர் இயந்திரத்தில் நானே உட்கார்ந்து பார்த்தேன். கைப்பிடியின் உரசல் நிஜ ட்ரோக்காரைவிட அதிகமாக இருந்தது. அதோடு போராடி இழுத்து இழுத்து, அரை மணி நேரத்தில் என் கை வழக்கத்தைவிடக் கரடாகிவிட்டது. மறுநாள் காலை தியேட்டரில் முதல் கேஸில் நான் அதை உணர்ந்தேன், நிறுத்தி மூச்சு விட்டுத் தொடங்கினேன். எனக்கு நிறுத்தத் தெரிந்தது, ஏனென்றால் நிஜக் குடல் எப்படி இருக்கும் என்று என் கைக்கு ஏற்கனவே தெரியும். அதை அறியாத பிள்ளை அந்தக் கரட்டையே சரியென்று கற்றுக்கொள்ளும்.

அமெரிக்காவில் பொது அறுவை மருத்துவராகச் சான்று வாங்க எஃப்.எல்.எஸ். என்ற லேப்ராஸ்கோப்பி அடிப்படைத் தேர்வைத் தேற வேண்டும். அதன் கைப்பயிற்சிப் பகுதி கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் உருவான ஒரு பெட்டிப் பயிற்சியிலிருந்து வந்தது. ஐந்து வேலைகள்: சின்ன வளையங்களை ஒரு முளையிலிருந்து இன்னொரு முளைக்கு மாற்றுவது, வரைந்த வட்டத்தில் துணியை வெட்டுவது, சுருக்குக் கயிறு போடுவது, வெளியே முடிச்சிட்டு உள்ளே தள்ளுவது, உள்ளேயே முடிச்சிடுவது. இதில் கணினிக்கு வேலையில்லை. ஒரு பெட்டி, ஒரு கேமரா, நிஜக் கருவிகள். நிஜக் கருவி நிஜத் துணியைத் தொடுவதால் தொடுவுணர்வு காசில்லாமல் கிடைத்துவிடுகிறது. நம் ஊரில் எண்டோட்ரெய்னர் என்று சொல்லும் அதே பெட்டிதான். அட்டைப்பெட்டியில் இரண்டு துளை போட்டு, செல்போனைக் கேமராவாக நிறுத்தி, வீட்டிலேயே செய்துகொண்ட பி.ஜி. பிள்ளைகள் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். அவர்களில் சிலர் இன்று என்னைவிட நன்றாக முடிச்சுப் போடுகிறார்கள்.

சரி, மார்க். இங்கேதான் எனக்கு மனசு பொறுக்கவில்லை, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

இயந்திரம் பொதுவாக எடுத்த நேரம், கருவி முனை மொத்தம் எவ்வளவு தூரம் அலைந்தது, அசைவு எவ்வளவு வழுவழுப்பு, எத்தனை தடவை தவறான இடத்தைத் தொட்டது, விசை எந்த உச்சத்துக்குப் போனது என்பவற்றை அளக்கும். பிறகு இவற்றையெல்லாம் கலந்து ஒரே எண்ணாகத் தரும். கலப்பில் எதற்கு எவ்வளவு எடை என்பது பலருக்குத் தெரியாது. நேரத்துக்கு அதிக எடை இருந்தால், பயந்து நிதானமாகச் செய்கிற நல்ல பிள்ளை 58 வாங்கும். வேகவேகமாகக் குத்திக் கிழித்தவன் 75 வாங்குவான். இது நடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

'80' என்ற எல்லை எங்கிருந்து வந்தது என்று தங்கையைக் கேட்கச் சொல்லுங்கள், மரியாதையாகத்தான். அதைச் சரியாக வகுக்கும் முறை ஒன்று உண்டு. அந்தத் துறையில் அனுபவம் மிக்கவர்கள் அதே இயந்திரத்தில் பலமுறை செய்வார்கள். அவர்கள் எட்டிய அளவுதான் மாணவருக்கு இலக்கு. அதையும் ஒரு தடவை எட்டினால் போதாது, வேறு வேறு நாளில் அடுத்தடுத்து இரண்டு தடவை எட்ட வேண்டும். கல்லூரிக்குச் செலவில்லாத ஒரு சோதனை உண்டு: துறையிலுள்ள மூத்த மருத்துவர்கள் மூன்று பேர் அதில் உட்காரட்டும். அவர்களுக்கும் 60 வந்தால் அந்த இயந்திரம் அறுவைத் திறனை அளக்கவில்லை, வேறு எதையோ அளக்கிறது. அவர்களுக்கு 90 வந்து புதியவர்களுக்கு 50 வந்தால்தான் எண்ணுக்கு மதிப்பு.

திறனை அளக்கவே முடியாது, எல்லாம் கைராசி என்று நினைத்துவிடாதீர்கள். நம் பக்கத்தில் 'கைராசிக்காரர்' என்று சொல்லித் திருப்பத்தூர், கல்லல், புதுவயலிலிருந்தெல்லாம் ஒரே டாக்டரைத் தேடி வருவார்கள். அந்தச் சொல்லில் உண்மை இருக்கிறது என்று காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உடற்பருமன் அறுவை செய்யும் 20 மருத்துவர்கள் தங்கள் லேப்ராஸ்கோப்பி வீடியோவை அனுப்பினார்கள். யாருடையது என்று தெரியாமல் சக மருத்துவர்கள் மதிப்பிட்டார்கள். 2013-ல் வந்த முடிவு: மதிப்பீட்டில் கடைசிக் கால்வாசியில் இருந்தவர்களின் நோயாளிகளில் 14.5 சதவீதம் பேருக்குச் சிக்கல். முதல் கால்வாசியில் இருந்தவர்களின் நோயாளிகளில் 5.2 சதவீதம் பேருக்குத்தான். இறப்பு விகிதத்திலும் பெரிய வித்தியாசம். கைராசி என்று நம் ஆச்சிமார் சொன்னதை அறிந்த கண்கள் வீடியோவிலேயே பார்த்துவிட்டன. அந்த மதிப்பீட்டை எந்திரம் செய்யவில்லை, மனிதர்கள் செய்தார்கள்.

மனிதர் மதிப்பிடுவதற்கும் ஒழுங்கான தாள் இருக்கிறது. கனடாவின் டொராண்டோவில் 1990-களில் உருவான ஓசாட்ஸ் என்ற முறையில் ஏழு தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். முதல் தலைப்பே 'திசுவுக்குக் காட்டும் மரியாதை' என்பதுதான். அந்தச் சொல்லை நான் முதலில் படித்தபோது என் சீஃபின் கை என் கைமேல் இருந்ததுதான் நினைவுக்கு வந்தது. அசைவில் சிக்கனம், கருவியைக் கையாளும் விதம், உதவியாளரைப் பயன்படுத்தும் விதம், அடுத்ததை முன்கூட்டி யோசிப்பது என்றெல்லாம் தொடரும் அந்தத் தாளில், வேகத்துக்கு மட்டும் என்று தனியாக ஒரு தலைப்பு இல்லை.

ஆகவே தங்கையின் தாளில் பார்க்க வேண்டியது விசை வரி. மொத்த எண்ணை மறந்துவிட்டு, இழுப்பின் உச்சம் எவ்வளவு, எந்தக் கணத்தில் அந்த உச்சம் வந்தது, இடது கையிலா வலது கையிலா என்று பாருங்கள். புதியவர்கள் பலருக்கு உச்சம் இடது கையில்தான் வரும், அதுவும் வலது கை வெட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில். கவனம் முழுக்க வெட்டும் கையில் இருப்பதால், பிடித்திருக்கும் கை தானாகவே இறுகிக்கொண்டே போகும். பித்தப்பை கிழிவதற்கு அது போதும். அந்த வரி ஓரளவு நன்றாக இருந்து நேரத்தில் மட்டும் மார்க் போயிருந்தால், அந்தப் பிள்ளைக்குக் கை இருக்கிறது. வேகம் தானாக வரும். விசை வரி மோசமாக இருந்தால் அதற்கும் பயப்பட வேண்டாம், அது பழக்கத்தில் மாறக்கூடியது. ஆனால் மாறும்வரை நோயாளியின்மேல் கை வைக்க வேண்டாம் என்று கல்லூரி சொன்னால் அது நியாயம். அந்த நோயாளி யார் என்று நமக்குத் தெரியும். அரசு ஆஸ்பத்திரியில் ஒப்புதல் தாளில் கைரேகை வைக்கும் நம் ஊர் ஆத்தாதான். எந்த டாக்டர் செய்யப் போகிறார், இது அவருக்கு எத்தனையாவது கேஸ் என்று கேட்கும் வழக்கம் அவருக்கு இல்லை. அவர் கேட்காததால் நாம்தான் கேட்க வேண்டும்.

வீட்டில் செய்ய ஒன்று சொல்கிறேன், இது என் பிள்ளைகளுக்கு நான் கொடுத்த பயிற்சி. சமையலறையில் கிராம் காட்டும் டிஜிட்டல் தராசு இருக்கும். அதன்மேல் தையல் பழகும் பஞ்சையோ ஆட்டுக் குடல் துண்டு வைத்த தட்டையோ ஒட்டிவைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கிக்கொள்ள வேண்டும். பிறகு தைக்கட்டும். ஊசி நுழையும்போது எவ்வளவு அழுத்துகிறார், நூலை மேலே இழுக்கும்போது எண் எவ்வளவு கீழே போகிறது, முடிச்சு இறுகும்போது என்ன நடக்கிறது என்று தராசு காட்டும். பக்கத்தில் செல்போனில் வீடியோ எடுத்தால் எந்த அசைவுக்கு எந்த எண் என்று பிறகு பார்க்கலாம். முதல் நாள் எண் தாறுமாறாக ஆடும், பத்தாம் நாள் அடங்கும். கறிக்கடையில் சொல்லிவைத்தால் குடலும், பித்தப்பையோடு சேர்ந்த ஈரலும் கொடுப்பார்கள். ஆட்டுக் குடலின் சுவர் எவ்வளவு மெல்லியது என்று கை அறிந்துகொண்டால், சிமுலேட்டர் எங்கே பொய் சொல்கிறது என்பதும் தானாகத் தெரியும்.

ஒரே ராத்திரியில் ஆறு மணி நேரம் உட்கார வேண்டாம் என்று சொல்லுங்கள். நுண்ணறுவைத் தையலில் 38 பயிற்சி மருத்துவர்களை வைத்து 2006-ல் வெளிவந்த டொராண்டோ ஆய்வில், ஒரே நாளில் நாலு அமர்வு பயின்றவர்களைவிட, வாரம் ஒன்றாக அதே நாலு அமர்வு பயின்றவர்கள் ஒரு மாதம் கழித்து நன்றாகச் செய்தார்கள். டைல்ஸ் உலராமல் அடுக்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும்.

இயந்திரம் கற்றுக்கொடுக்காத விஷயங்களும் உண்டு. இது பித்தக்குழாயா ரத்தநாளமா என்று சந்தேகம் வந்தால் கையை நிறுத்துவது, திறந்த அறுவைக்கு மாறிவிடலாம் என்று முடிவெடுப்பது, மூத்தவரைக் கூப்பிடுவது. இவற்றுக்கு விசை வரி கிடையாது. அதனால்தான் சிமுலேட்டர் அறையில் பி.ஜி.யைத் தனியே விட்டுவிட்டுப் போகும் துறைகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பூட்டிய அறையில் தூசி படிந்து கிடப்பது ஒரு வீண், மாணவரை உள்ளே விட்டு யாரும் எட்டிப் பார்க்காமல் இருப்பது இன்னொரு வீண். ஒரு ஆசிரியர் பத்து நிமிடம் நின்று "இந்த இடத்தில் இடது கை இறுகுது பார்" என்று சொன்னால், அந்தப் பத்து நிமிடம் தனியாகப் பழகும் பல மணி நேரத்துக்கு ஈடு.

கேட்கக்கூடும் என்பதால் இதையும் சொல்கிறேன்: ரோபோ வந்துவிட்டதே, இனி கையின் தொடுவுணர்வு தேவையா? டா வின்சி ரோபோவுக்கு அமெரிக்காவில் 2000-ல் அனுமதி கிடைத்தது. கிட்டத்தட்ட கால் நூற்றாண்டு அது தொடுவுணர்வு தராமலேயே ஓடியது. மருத்துவர்கள் திசு வெளுப்பதையும் நூல் விறைப்பதையும் கண்ணால் பார்த்தே விசையை ஊகித்துப் பழகினார்கள். 2024-ல் அனுமதி பெற்ற ஐந்தாவது மாடலில்தான் திசுவின் விசையைக் கைக்கு உணர்த்தும் கருவிகள் வந்தன. அத்தனை வருடம் கழித்தும் அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

தங்கை அடுத்து ஊருக்கு வரும்போது காரைக்குடிக்குக் கூட்டிவாருங்கள் தம்பி. மதுரைப் பக்கம் கல்லூரி என்றால் சனிக்கிழமை கிளம்பி வந்து ஞாயிறு திரும்பிவிடலாம். என்னிடம் பழைய எண்டோட்ரெய்னர் பெட்டி ஒன்று இருக்கிறது. திசுவைப் பிடிக்கும் கிராஸ்பர் இரண்டும் ஊசியைப் பிடிக்கும் நீடில் ஹோல்டரும் வேலை செய்கின்றன. ஞாயிறு காலை கறிக்கடையில் நானே சொல்லிவைக்கிறேன். அந்த 60-க்குள் மார்க் வந்த இரண்டு தாளையும் முழுசாக எடுத்துவரச் சொல்லுங்கள், முதல் பக்கம் மட்டும் போதாது. விசை வரி பெரும்பாலும் பின்பக்கத்தில்தான் இருக்கும்.